அடுத்த படகு

பிரியாணி வேகும் தேக்சாவின் மேலிருந்த தணலை ஓரமாகத் தள்ளி, தோள் துண்டை நான்காக மடித்து மூடியின் மேல் போட்டு, அதில் இடது காதை வைத்துவிட்டார் மீரா உசேன். இனி யாரும் பேசக் கூடாது. வெங்காயம் உரிக்கிற பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பந்தலில் நாற்காலியை இழுத்துப் போடுகிறவன் தூக்கிக்கொண்டு நடப்பான். மாப்பிள்ளையின் மாமாவே வந்து "என்ன பாய், ஆச்சா?" என்றாலும் பதில் வராது, ஒரு விரல் மட்டும் உயரும். கரண்டிக் காம்பால் மூடியை மூன்று தட்டுத் தட்டுவார். முக்கால் நிமிஷம் கேட்பார்.

"பேசுது சார். இன்னும் அஞ்சு நிமிஷம் பேச விடணும். பாதிப் பேச்சுல தொறந்தோம்னு வைங்க, பெறவு மொத்தக் கல்யாணமும் பேசும்."

பேசி முடித்ததும் காதை எடுப்பார். "வெந்துருச்சு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானூறு பேர் பந்தலில் காத்திருப்பார்கள்.

மன்னார்குடியிலிருந்து வலங்கைமான் போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. நான் மின்வாரிய ஆபீசில் கணக்குப் பிரிவு. அவர் கல்யாணச் சமையல்காரர். அவர்கள் வழக்கில் பண்டாரி. பதினோரு வருஷமாகச் சுவரை ஒட்டிச் சுவர். நான் சுத்த சைவம், அவர் ஆக்கிய பிரியாணியில் ஒரு பருக்கைகூட என் நாக்கில் பட்டதில்லை. ஆனால் மூக்கு என்ன பாவம் செய்தது? அது பதினோரு வருஷமாக ஓசியில் தின்றுகொண்டிருக்கிறது. வாசனையை வைத்தே இன்றைக்கு நெய் தாராளம், இன்றைக்குப் பெண் வீட்டார் கொஞ்சம் கஞ்சம் என்று என்னால் சொல்ல முடியும். அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். "நாக்கு வச்சிருக்கவனுக்கே தெரியல, இந்த சிவசங்கரன் சாருக்கு மூக்குல தெரியுது பாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அகலமான பச்சை பெல்ட், அதற்கு மேல் பனியன், அதற்கும் மேலே ஒரு சிரிப்பு. ஆள் நல்ல கனம். எங்கே போனாலும் அவருக்கு நாற்காலி இரண்டு போட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் அல்ல, ஒன்றின் மேல் ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு காலும் நாலு திசைக்குப் போன அனுபவம் அவருக்கு மூன்று தடவை உண்டு. அதில் ஒன்று நிக்காஹ் மேடையில், மாப்பிள்ளை கையெழுத்துப் போடுகிற நேரம்.

"நூத்தியெட்டு கிலோ சார். உங்க சாமிக்கு நூத்தியெட்டு போற்றி, எனக்கு நூத்தியெட்டு கிலோ. ரெண்டுலயும் ஒண்ணு கொறையக் கூடாது."

தன்னை முதலில் தானே கிண்டல் செய்துவிட்டால் ஊரானுக்கு வேலை மிச்சம் இல்லை என்பது அவருடைய ராஜதந்திரம். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது, "டிரைவர் தம்பி, நான் ஒருத்தனா மூணு பேரா, நீயே சொல்லிரு" என்பார். ஆட்டோவே சிரிக்கும்.

அவர் வீட்டில் ஒரு சொல் உண்டு: அடுத்த படகு. கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால் "அடுத்த படகுல வரும்." கறி தீர்ந்த பிறகு வந்த விருந்தாளிக்கு "ஒங்களுக்கு அடுத்த படகு." தெருவுக்கே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆபீசில் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் விட்டுப்போனபோது நானே சொன்னேன், அடுத்த படகு என்று. எங்கிருந்து வந்த சொல் என்று பல நாள் எனக்குத் தெரியாது.

அவர் மனைவி சபிஹா ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். நான் இந்தத் தெருவுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், மகள் ஹுமைரா பத்தாவது படிக்கும்போது, குடும்பத்தோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். படகில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. கடைசியாக இவர் பலகையில் கால் வைக்கும்போது, படகுக்காரர் இவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க அடுத்த படகுல வாங்க" என்றாராம். படகு போய்விட்டது. அன்றைக்கு அடுத்த படகு என்று ஒன்று கிடையாது. திரும்பி வந்து பார்த்தால் இவர் கூடையைத் திறந்து, இலையை விரித்து, "வாங்க வாங்க, காத்து வாங்குனவங்களுக்கெல்லாம் பசிக்கும்" என்று பரிமாற நிற்கிறார். அன்றைக்கு ஆரம்பித்த கிண்டல்தான் இது. ஆரம்பித்து வைத்தவரும் அவரேதான்.

சபிஹா கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார். "ஆனா சார், கரையில டீக்கடைக்காரவுக எங்கிட்ட சொன்னாங்க. மூணு மணி நேரமும் அவுங்க உக்காரவே இல்லியாம். அந்தப் பலகையிலயே நின்னாங்களாம். அடுத்த படகு வந்தா ஒடனே ஏறணும்ல."

அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

இந்தத் தை மாசம் ஹுமைரா ஷார்ஜாவிலிருந்து லீவில் வருவதாகப் போன் செய்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். மாப்பிள்ளை ஜாஃபர் சாதிக் ஊருக்கு வருவது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் அலையாத்திக் காடு போகிறோம், அத்தா ஏறாமல் யாரும் படகில் ஏறக் கூடாது என்று அங்கிருந்தே சட்டம் போட்டாள்.

"கூடையப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்லம்மா" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். வைத்துவிட்டுச் சுவருக்கு மேலே என்னைப் பார்த்தார். அப்போது சிரிக்கவில்லை.

"புது மாப்புள்ள பக்கத்துல நிக்கிது. எவனாவது வந்து நீங்க அடுத்த படகுல வாங்கன்னு சொல்லிட்டான்னு வைங்க. எப்பயும் நாந்தான் மொதல்ல சிரிப்பேன். ஆனா இந்தத் தடவ சிரிப்பு வருமான்னு தெரியல சார்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.

மகள் வருகிறாள் என்று வீட்டுக்குப் புதிய ஃபிரிட்ஜ் வந்தது. இரண்டு கதவு, ஆள் உயரம். தெருவே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தது. மீரா உசேன் மட்டும் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் போனதும் அதைக் கொல்லையில் படுக்கவைத்து, உள்ளே இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்தார். நான் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு மனிதர் அவ்வளவு யோசனையாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

"சார், ஒரு வெசயம். கல்யாணம் முடிஞ்சு நம்ம கொளத்துல தேக்சா கழுவுறோம்ல. அறுவது கிலோ செம்பு. கரையில நாலு பேரு சேந்து தூக்குறது. தண்ணில வச்சு ஒரு தட்டுத் தட்டுனா அந்தாண்ட கரைக்கிப் போவுது. அது மெதக்குதுல்ல? நான் ஏன் மெதக்க மாட்டேன்?"

"அப்படியென்றால் தேக்சாவிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாமே, பாய்."

அவர் முகம் மாறிவிட்டது. "சோறாக்குற பாத்திரத்துல காலு வைக்கிறதா? என்னா சார் பேசுறீங்க, படிச்சவரு."

முடிவாகச் சொன்னார். இந்த அட்டையில் ஒரு படகு கட்டுவார். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஒத்தைப்பனைக் குளத்தில் ஏறிப் பார்ப்பார். "மெதந்துட்டேன்னா நான் படகுல ஏறுற ஆளு, எவன் கிட்டயும் கேக்க வேணாம். மெதக்கலேன்னா கூடையத் தூக்கிக்கிட்டுக் கரையில நிக்கிறேன். பெறவு அந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது." நான் கணக்குப் பிரிவு ஆள், எனக்கு வாய் சும்மா இருக்காது. "அட்டை ஊறிவிடும் பாய், நிச்சயமாக முங்கும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிரியாணியில் உப்பு சரியில்லை என்று யாரோ சொன்னதுபோல.

வேலை ஆரம்பமானது. பெட்டியைப் பிரித்து, ஆறடி நீளம், மூன்றடி அகலம், முழங்கால் உயரம் என்று கரிக்கட்டையால் கோடு போட்டார். அடிப்பாகத்துக்கு மூன்று அட்டை. ஒன்றின் வரி நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்குவாக்கில். அது அவருக்கே தோன்றியது. "பரோட்டாவுக்கு அடுக்குதான் பலம்" என்றார். கறி வெட்டுகிற கத்தியால் நாலு மூலையையும் கச்சிதமாக வெட்டி, பக்கங்களை நிமிர்த்தி, வெளியே முழுக்கப் பழுப்பு டேப் சுற்றினார். மூலைகளில் மட்டும் டேப் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்க தம் மாவு."

பிரியாணியைத் தம்மில் போடும்போது மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே மைதாவைப் பிசைந்து வட்டமாக ஒட்டுவார்களே, அந்த மாவு. முப்பது வருஷமாக அவர் கையால் ஒட்டிய மாவிலிருந்து ஒரு இழை ஆவி வெளியே போனதில்லை என்பது இந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த செய்தி. நாலு மூலைக்கும் உள்ளேயும் வெளியேயும் கயிறு கயிறாக உருட்டி ஒட்டி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வரி போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"சார், ஆவியே வெளிய போவாது. தண்ணி எப்புடி உள்ள வரும்?"

நான் பி.காம். இந்தக் கேள்வி எங்கள் பாடத்தில் கிடையாது.

பயணத்துக்கு ஒரு வாரம் முந்தைய ஞாயிறு, காலை பத்து மணிக்குக் குளத்தங்கரையில் தெருவே நின்றது. மழை முடிந்த சமயம், குளம் படி வரைக்கும் நிறைந்திருந்தது. மீன் குத்தகை எடுத்திருக்கிற காத்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார். "பிஸ்மில்லாஹ்" என்று மீரா உசேன் ஏறி உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், மிதந்தது. இரண்டு நிமிஷம் ராஜா மாதிரி மிதந்தது. கையால் தண்ணீரைத் தள்ளி ஐந்தாறு அடி போய்விட்டார். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு. அப்போதுதான் படகின் நாலு மூலையிலும் தண்ணீர் குபுகுபுவென்று குமிழியிட்டது.

"ஆஹா, கொதி வருது பாருங்க!" என்றார், பழக்கதோஷத்தில்.

காத்தான் குனிந்து பார்த்தார். "பாய், அது கொதி இல்ல! கெண்ட!"

இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தூண்டில் முள்ளில் மைதா மாவை உருட்டி வைக்கத் தெரியும். எனக்குத் தெரியும், காத்தானுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கை அதைப் பிசையும்போது அது தூண்டில் மாவு என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. குளத்து மீனெல்லாம் நாலு மூலைக்கும் பந்தி வந்துவிட்டது. முதல் பந்தி முடிவதற்குள் வலது பக்கச் சுவர் மெதுவாகச் சாய்ந்து படுத்தது. அவர் அசையவில்லை. உட்கார்ந்தபடியே, முதுகு நிமிர்ந்தபடியே, அப்படியே இறங்கினார். தண்ணீர் மார்பு வரை வந்து நின்றது. அட்டை அவரைச் சுற்றி விரிந்து மிதந்தது.

"பாய், டெய்லி வந்து படகு விடுங்க" என்றார் காத்தான். "எம் மீனு நல்லாக் கொழுக்கும்."

கரை குலுங்கச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தவர்தான். "மாவுல உப்புக் கம்மியாப் போச்சு, அதான் மீனுக்குப் புடிச்சிருச்சு" என்றார். நனைந்த அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பார்த்தவரிடம் கதையைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்து நான் கேட்டதில்லை. பிறகு சபிஹாவின் குரல் வந்தது.

"தட்ட ஏன் தள்ளி வைக்கிறீங்க?"

"போதும். கூடைக்கி என்னென்ன எடுத்துக்கணும்னு எழுதி வச்சுக்க. நான் கரையில இருந்து பாத்துக்குறேன்."

"கூடையப் பத்தி யாரு கேட்டா? மூலைய ஏன் வெட்டுனீங்க?"

"வெட்டாம எப்புடி நிமித்துறது?"

"பொட்டலத்துக்கு எலைய வெட்டித்தான் கட்டுறீங்களா? ஆயிரம் பொட்டலம் கட்டி அனுப்பிருக்கீங்க. தால்ச்சாவ ஊத்திக் கட்டுனாலும் பஸ்ஸுல மெட்ராஸ் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது. உள்ள இருக்குற தால்ச்சாவ வெளிய விடாமக் கட்டத் தெரியிது, வெளிய இருக்குற தண்ணிய உள்ள விடாமக் கட்டத் தெரியலியா?"

பிறகு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இரண்டு நாற்காலி என்பதால் சத்தமும் இரண்டு.

"அந்தத் தட்ட இங்க கொண்டா" என்றார் மீரா உசேன்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் கை தட்டாத குறை.

மறுநாள் காலையிலேயே கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு ஃபிரிட்ஜ் பெட்டியும் ஒரு வாஷிங் மெஷின் பெட்டியும் தலைமேல் வைத்துக் கொண்டுவந்தார். இந்தத் தடவை கத்தியே எடுக்கவில்லை. மூலையை வெட்டாமல், பிரியாணிப் பொட்டலத்தின் வாயை மடிப்பதுபோல உள்பக்கமாக மடித்து, மடிப்பின் மேல் மடிப்பு வைத்து டேப்பால் இறுக்கினார். நெடுக்கும் குறுக்குமாக அடிப்பாகத்துக்கு நாலு அட்டை. அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கித் துணியால் தேய்த்தார். கடைசியாக மொத்தத்தையும் வைத்து மடிக்க வெட்டுப்படாத பெரிய பிளக்ஸ் ஒன்று வேண்டும் என்றார்.

பிளக்ஸ் என் பங்கு. எங்கள் ஆபீஸ் பஞ்சநதம் பேத்தியின் காதணி விழாவுக்குக் கட்டியிருந்த பேனர், பத்துக்குப் பன்னிரண்டு அடி, மாமன்மார் மட்டும் பதினைந்து பேர், எல்லோரும் கும்பிட்டபடி. பஞ்சநதத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "மாமன்னா சீர்வரிசையோட வந்து நிக்கணும் சார், தண்ணியில வந்து நின்னாலும் சரிதான்" என்று கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை ஹுமைராவும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். புது மாப்பிள்ளைக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் நடந்தது, விருந்து முடிந்து கை கழுவியதும் கையில் டேப் கொடுக்கப்பட்டது. ஜாஃபர் சாதிக் அதிகம் பேசாத பிள்ளை. எதற்கு இது என்று கேட்கவும் இல்லை. ஹுமைரா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாமனார் மடிக்க மடிக்க, அவர் ஒட்டினார். "மாமா, இந்த மூலைக்கி இன்னொரு சுத்து போடுவோம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். மீரா உசேன் அந்த ஒரு சுற்றைத் தெருவில் பத்துப் பேரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் குளத்துக்கு வந்துவிட்டார்கள். பள்ளிவாசல் கூட்டம் பாதி அங்கேயே. நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். காத்தான் தண்ணீரில் இறங்கித் தயாராக நின்றார். சபிஹா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடைசிப் படியில் நின்றார். அவர் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

மீரா உசேன் கையில் பிரியாணி கிண்டுகிற மரத்துடுப்பு. "படகுக்கும் துடுப்புன்னுதான் சொல்றாங்க, சோத்துக்கும் துடுப்புன்னுதான் சொல்றாங்க. முப்பது வருஷமாப் புடிச்ச கையி" என்றார். பேச்சு தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். முங்கும் என்று சொன்ன இந்த வாயைக் கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காத்தானும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஏறினார். உட்கார்ந்தார். படகு ஒரு சாண் இறங்கி நின்றது.

"விட்டுருங்க" என்றார்.

விட்டார்கள்.

துடுப்பை ஒரு தள்ளுத் தள்ளினார். மெல்ல நகர்ந்தது. இன்னொரு தள்ளு. போன தடவை முங்கிய இடத்தைத் தாண்டியது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பதினைந்து மாமன்மாரும் தண்ணீருக்குள் கும்பிட்டபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். மீன் ஒன்று வந்து ஒரு மாமனின் மீசையை முகர்ந்து பார்த்துவிட்டு, சுவை இல்லை என்று போய்விட்டது. நடுக்குளத்தில் துடுப்பை மடியில் வைத்தார் மீரா உசேன். தோள் துண்டை எடுத்து நான்காக மடித்தார். அதைப் படகின் அடியில் போட்டு, அந்தப் பெரிய உடம்பை எப்படியோ மடக்கிக் குனிந்து, இடது காதை வைத்தார். மூன்று தட்டுத் தட்டினார்.

குளமே காத்திருந்தது.

ஹுமைராவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தா! என்னா பேசுது?"

அவர் காதை எடுத்தார். நிமிர்ந்தார். முகம் முழுக்க ஈரமாக இருந்தது, எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லப்போவதில்லை.

"வெந்துருச்சு!"

அப்படி ஒரு சத்தம் அந்தக் குளத்தில் அதற்கு முன்னால் எழுந்திருக்காது. காத்தான் தண்ணீரை இரண்டு கையாலும் அடித்தார். ஒத்தைப் பனையில் இருந்த கிளியெல்லாம் கிளம்பிப் பறந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே சபிஹாவின் குரல் கேட்டது: "மச்சான்!" அத்தை மகனைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஆனால் வெளி ஆள் முன்னால் "ஹுமைரா அத்தா" என்பதைத் தவிர வேறு சொல்லி நான் இந்தப் பதினோரு வருஷத்தில் கேட்டதில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நடுக்குளத்திலிருந்து அவர் மகளைக் கூப்பிட்டார். "ஹுமைரா! ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குப் படகு?"

"ஒம்பது மணிக்கு அத்தா!"

"கூடைய வேற யாராச்சும் தூக்கிக்கங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேண்டுமே, வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி இறங்கி, "பாய், நானும் வரட்டுமா? ஒரே ஒரு சுற்று!" என்று கத்தினேன்.

அவர் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். முங்கும் என்று சொன்ன ஆள் நான். பன்னிரண்டு வருஷமாக அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு அலைந்தவர் அவர்.

"சார், நீங்க அடுத்த படகுல வாங்க!"

கரை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சொல் மறுபடியும் சிரிக்கிற சொல்லாகிவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் துடுப்பைப் போட்டுக் கரைப்பக்கம் திரும்பிவிட்டார். என்னைத் தாண்டினார், காத்தானைத் தாண்டினார், மாப்பிள்ளையைத் தாண்டினார். சபிஹா நின்ற படியை ஒட்டிப் படகு வந்து நின்றது. எந்த ஆட்டோவிலும் எந்த பெஞ்சிலும் நடுவிலேயே உட்கார்ந்து பழகிய மனிதர், இரண்டு கையையும் ஊன்றி, அந்த நூற்றியெட்டு கிலோவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஓரத்துக்கு நகர்த்தினார். படகு சாய்ந்தது, ஒரு கை தண்ணீர் உள்ளே வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தோள் துண்டால் பக்கத்து இடத்தைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையால் அதில் இரண்டு தட்டுத் தட்டினார்.